பழைய ஆம்னி கேம்பர்: ஒழுகலும் துருவும்

எங்கள் வண்டி 2007 மாடல் மாருதி ஆம்னி. பின் சீட்டுகளை எடுத்துவிட்டுப் பலகைப் படுக்கை, அதற்கடியில் சாமான் பெட்டிகள், கூரைக் கேரியரில் ஒரு சோலார் பேனல் என்று முந்தைய உரிமையாளர் அதைச் சின்னக் கேம்பராக மாற்றி வைத்திருந்தார். வாங்கப் போனபோதே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ரப்பர் மேட் சொதசொதவென்று இருந்தது. "வண்டி கழுவினப்போ தண்ணி பட்டிருக்கும்" என்றார். சரி என்று விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஓட்டி வந்துவிட்டோம். வெயிலில் கதவைத் திறந்து போட்டுக் காயவைத்தாலும், அடுத்த மழைக்கு மேட் மறுபடி ஊறிவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று ஆடியிலேயே வேலையைத் தொடங்கினோம். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். புயல் வந்தால் மாதக் கணக்கு இரண்டு நாளில் முடிந்துபோகும். 2023 டிசம்பர் மிக்ஜாமை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. வண்டி நிற்பது திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கடற்காற்றில் வரும் உப்பு, தகட்டின் இடுக்குகளில் படிந்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், படிந்த உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். சென்னையில் அந்த அளவு ஈரம் பல இரவுகளில் இருக்கிறது. அதாவது ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் உப்பு படிந்த இடுக்கு ராத்திரியெல்லாம் நனைந்தபடிதான் இருக்கும். மேட்டுக்கு அடியில் தண்ணீரும் தேங்கினால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, திருவான்மியூர்ப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் வண்டியைக் கழுவினால் கடல் செய்கிற வேலையை நாமே குழாய் போட்டுச் செய்துகொடுத்த மாதிரி. இப்போது மெட்ரோ வாட்டர் வரும் நாளில்தான் கழுவுகிறோம். மற்றபடி நல்ல மழையில் அரை மணி நேரம் வெளியே நிறுத்தினால் மேல்பக்கம் கழுவினாற்போல்தான்.

எங்கே நுழைகிறது?

வேனில் தண்ணீர் சொட்டும் இடம் ஒன்று, நுழையும் இடம் வேறு. கூரையில் நுழையும் தண்ணீர் உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே தூணுக்குள் இறங்கி, தரையில் வந்து எட்டிப் பார்க்கும். ஈரமான இடத்தின் நேர் மேலே பூசிக்கொண்டே போனால் வேலை முடியாது. அதனால் முதலில் எல்லாவற்றையும் கழற்றினோம். படுக்கை, மேட், தரையில் ஒட்டியிருந்த கார்ப்பெட், கதவுகளின் உள்பக்க அட்டை, கூரைத் துணி என்று ஒன்று விடாமல். வெறும் தகரமாக நிறுத்தினால்தான் தண்ணீர் போகும் பாதை தெரியும்.

தடம் பார்க்க எங்களுக்குக் கைகொடுத்தது கோலமாவு. இடுக்குகளின் ஓரமாக உள்பக்கம் மெல்லிசாகத் தூவிவிட்டு, மச்சானை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். வெளியே ஹோஸ் பைப்பை மெதுவாகத் திறந்து, கீழேயிருந்து மேலே போனேன். இந்த வரிசை முக்கியம். மேலே அடித்தால் தண்ணீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. ஒரு இணைப்புக்குச் சில நிமிடம், உள்ளே ஒன்றும் வரவில்லை என்றால் அடுத்தது. பிரஷர் வாஷர் வேண்டாம். மழை போகாத இடத்துக்கும் அது தண்ணீரைத் தள்ளும், இல்லாத ஓட்டையைக் காட்டும்.

கதவு ரப்பருக்கு வேறு சோதனை. செய்தித்தாளை ஒரு அங்குல அகலத்துக்குக் கிழித்து, கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது. பிடித்துக்கொண்டு வந்தால் ரப்பர் உயிரோடு இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது, அல்லது கதவு இறங்கியிருக்கிறது. எங்கள் வண்டியில் சறுக்குக் கதவின் பின்மூலை வழுக்கியது. கதவின் ரோலர் தேய்ந்து ஒரு பக்கம் தொங்கியதுதான் காரணம். ரோலர் மாற்றியதும் பழைய ரப்பரே பிடித்துக்கொண்டது. ரப்பர் வாங்கும் முன் கதவு நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.

கடைசியில் தண்ணீர் வந்த வழிகள் மூன்று: கூரை ஓரத்து வாய்க்கால், முன்கண்ணாடியின் கீழ்மூலை, சோலார் வயருக்காகக் கூரையில் போட்ட ஓட்டை. மச்சான் உள்ளேயிருந்து "மாமா, இங்க மாவு கரையுது" என்று கத்தியது மூன்றாவது இடத்தில்தான். வயர் வழியாகவே தண்ணீர் இறங்கி பேட்டரிப் பெட்டி வரை போயிருந்தது.

சிலிக்கானும் அதன் கீழே இருந்ததும்

முன்கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பரான பீடிங் மேல் யாரோ தாராளமாகச் சிலிக்கான் அடித்திருந்தார்கள். கட்டியாகும்போது வினிகர் வாசம் வருகிற குளியலறைச் சிலிக்கான். அந்த வாசமே அசிட்டிக் அமிலம்தான், வெறும் இரும்பின் மேல் பட்டால் துருவைத் தொடங்கி வைக்கும். அதோடு அதன் மேல் பெயின்ட் ஒட்டாது. சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் மிஞ்சும், அதன் மேல் அடிக்கும் பெயின்ட் குழி குழியாக விலகும். வண்டி உடம்பில் சிலிக்கானுக்கு வேலையே இல்லை என்பது என் கருத்து.

கண்ணாடியைக் கழற்றியே ஆகவேண்டியிருந்தது. கல்லாகிப்போன பீடிங்கை பிளேடால் அறுத்து எடுத்தோம். அடியில் கண்ணாடி உட்காரும் தகட்டு விளிம்பில், இரண்டு கீழ்மூலைகளிலும் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது ரப்பரைத் தள்ளித் தூக்க, இடைவெளி கூட, இன்னும் தண்ணீர் போக, இன்னும் துரு. மேலே எதைப் பூசினாலும் இந்தச் சுற்று நிற்காது.

கம்பி பிரஷ், அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள். பளபளவென்று இரும்பு தெரியும் வரை போனோம். நுண்ணிய குழிகளில் மிஞ்சிய துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினோம். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிக் கருப்பாக்கும். செதில் துருவின் மேல் அதைத் தடவிப் பயனில்லை, மேல் அடுக்கு மட்டும் மாறும், அடியில் வேலை தொடரும். அதன் மேல் இரண்டு பங்கு கலக்கும் எபாக்ஸி பிரைமர், பிறகு பெயின்ட். ரெட் ஆக்சைடு மட்டும் போதும் என்று கடையில் சொல்வார்கள். சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. அதை அப்படியே விட்டால் ஒரு மழைக்காலத்தில் அடியில் புள்ளி வைக்கும்.

பிரைமர் அடிக்கும் நேரமும் பார்க்க வேண்டும். தகட்டின் சூடு, காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் பனிநிலை வெப்பத்தைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாகவும், காற்றின் ஈரம் 85 சதவீதத்துக்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பது பெயின்ட் வேலைக்காரர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. சென்னையில் இதை எளிதாகச் சொன்னால், காலை 10 மணிக்கு மேல் தொடங்கு, வெயில் சாயும் முன் முடி.

புதிய பீடிங் சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் கிடைத்தது. மாட்டும் முறை பழையதுதான். கண்ணாடியில் ரப்பரைச் சுற்றி, அதன் பள்ளத்தில் நைலான் கயிற்றைப் பதித்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியேயிருந்து ஒருவர் கண்ணாடியை அழுத்தியபடி இருக்க, உள்ளேயிருந்து கயிற்றை இழுக்க இழுக்க ரப்பரின் உதடு விளிம்பின் மேல் ஏறி உட்காரும். விளிம்புக்கும் ரப்பருக்கும் நடுவே கெட்டியாகாத மாஸ்டிக் பசை வைத்தோம். இந்த இடத்தில் பி.யு. (பாலியூரித்தேன்) பசை போடக் கூடாது. பிடித்துவிட்டால் அடுத்த முறை கண்ணாடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கூரை வாய்க்கால்

ஆம்னியின் கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இடம்தான் அந்த வாய்க்கால். இரண்டையும் புள்ளி வெல்டிங்கில் பிடித்து, இடுக்கைப் பசையால் அடைத்திருப்பார்கள். இத்தனை வருட வெயிலில் அந்தப் பசை காய்ந்து மயிரிழை மாதிரி வெடித்திருந்தது. கேரியரின் கிளாம்ப்புகள் வேறு அந்த வாய்க்காலைத்தான் கடித்துக்கொண்டு நிற்கின்றன. வண்டி குலுங்கக் குலுங்கப் பெயின்டைத் தேய்த்து, ஒவ்வொரு கிளாம்ப்புக்கு அடியிலும் ஒரு துருப்புள்ளி.

வெடித்த பசையை முழுவதும் சுரண்டி எடுத்தோம். பொறுமையைச் சோதிக்கும் வேலை. வெடிப்பின் மேலேயே புதுப் பசை பூசினால் உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகிவிடும். சுத்தம் செய்து பிரைமர் அடித்த பிறகு பி.யு. சீலன்ட்டைச் சன்னமாக விட்டு, பிரஷ்ஷால் வாய்க்கால் வடிவத்துக்கு இழுத்துவிட்டோம். பி.யு. காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும், நாளுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. ஆழம். சென்னைக் காற்று இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவி செய்கிறது. வெயில் நேரே பட்டால் பி.யு. மாவாகப் பொடியும் என்பதால் அதன் மேலும் பெயின்ட் அடிக்க வேண்டும். கிளாம்ப்புகளுக்கு அடியில் பழைய டியூப் ரப்பர் வெட்டி வைத்தோம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை கழற்றித் துடைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ரப்பருக்கு அடியிலேயே ஈரம் நிற்கும்.

வயர் ஓட்டையில் முந்தையவர் எம்சீல் அடைத்திருந்தார். எம்சீல் கல்லாக இறுகும். கூரைத் தகடோ வெயிலில் விரிந்து ராத்திரியில் சுருங்கும். இரண்டும் சேர்ந்து வாழாது. அதை உடைத்தெடுத்து, ஓட்டையின் வெட்டு விளிம்புக்குப் பெயின்ட் வைத்து, இறுகாத ரப்பர் ஒட்டுப்பட்டையான பியூட்டில் டேப்பின் மேல் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டியை உட்காரவைத்து, பக்கவாட்டில் வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு வழியாக வயரைக் கொண்டுபோனோம். நுழையும் இடத்துக்கு முன் வயர் கீழே இறங்கி மேலேறும்படி ஒரு வளைவு விட்டோம். தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

அடைக்கக் கூடாத ஓட்டைகள்

வண்டிக்குள் தண்ணீரே வராது என்று நினைத்து யாரும் வண்டியை வடிவமைப்பதில்லை. முன்கதவின் கண்ணாடி ஓரமாக மழை கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். உள் அட்டைக்குப் பின்னால் இருக்கும் பாலித்தீன் தாள் அதைத் தடுத்து, கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியே வெளியே அனுப்பும். எங்கள் வண்டியில் ஸ்பீக்கர் மாட்டியவர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருந்தார். அடி ஓட்டைகளோ மண்ணால் அடைத்திருந்தன. கம்பியை விட்டுக் குத்தியதும் கறுப்பாக ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. புதிய தடித்த பாலித்தீனை வெட்டி, பியூட்டில் டேப்பால் ஒட்டி, அதன் அடிநுனி கதவுக்குள்ளே போகும்படி மடக்கிவிட்டோம். நுனி வெளியே நின்றால் தண்ணீர் நேராகக் காலடிக்கு வரும்.

நுழைவதை எவ்வளவு குறைத்தாலும், நுழைந்தது வெளியேற வழி இருக்கிறதா என்பதே இந்த வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அண்டர்பாடி கோட்டிங் என்ற பெயரில் அடிப்பக்கம் முழுவதும் தார் மாதிரி ஒன்றை அடித்துத் தரும் கடைகள் உண்டு. எங்கள் வண்டிக்கும் யாரோ அடித்திருந்தார்கள், தரையின் வடிகால் ஓட்டைகளையும் சேர்த்து மூடி. கோட்டிங்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தோல் மாதிரி உரிந்தது. அடியில் பழுப்புத் தூள். நல்ல தகட்டின் மேல் அடித்தால் அது பாதுகாப்பு. துருவின் மேல் அடித்தால் துருவுக்குப் போர்வை.

தரை

தகட்டு வேலை செய்யும் டிங்கர் அண்ணன் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தரை முழுவதும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் "டங்" என்றது. பின் சக்கர வளைவும் தரையும் சேரும் மூலையில் "டொக்" என்றது. முனையால் குத்தியதும் உள்ளே போய்விட்டது. உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. படுக்கையைப் பிடிக்க முந்தையவர் தரையில் துளை போட்டு போல்ட் அடித்திருந்தார், அந்தத் துளைகளைச் சுற்றியும் அரிப்பு.

"சார், மேல ஒரு தகரம் வெச்சு ரிவிட் அடிச்சு பட்டி போட்டுரலாம். ரெண்டு வருஷம் ஓடும்" என்றார்.

"வெட்டி எடுத்துட்டு வெல்டிங் வெச்சா, அண்ணே?"

"வைக்கலாம். டாங்க்கை இறக்கணும், நேரம் ஆகும். உங்க வண்டி, நீங்க சொல்லுங்க."

வெட்டச் சொன்னேன். பட்டி என்பது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை, தண்ணீரை உறிஞ்சும் பொருள். பெயின்ட் கீறிய இடத்தில் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அழுகிய தகட்டின் மேல் இன்னொரு தகட்டை வைத்தால் இரண்டுக்கும் நடுவே புது இடுக்கு. ஆர்.சி.யின் 15 வருடம் முடிந்துவிட்ட வண்டி இது, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கக் கொண்டுபோக வேண்டும். தரை உறுதியாக இருப்பது அதற்கும் நல்லது.

நல்ல இரும்பு வரும் வரை வெட்டி, 20 கேஜ் தகட்டில் ஒட்டு வெட்டினார். அது 0.9 மி.மீ. இருக்கும். சாதாரண ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டைப் பொத்துவிடும், கேஸ் வெல்டிங் சூட்டில் நெளித்துவிடும். சி.ஓ.2 வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, ஒரு இடத்தில் வைத்தால் அடுத்தது எதிர்ப்பக்கம் என்று தள்ளித் தள்ளி வைத்தார். பேட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோல் டாங்க்கை இறக்கி, பக்கத்தில் தீயணைப்பானை வைத்துக்கொண்ட பிறகே தொடங்கினார். இதில் அவசரப்படும் பட்டறையாக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

வெல்டிங் முடிந்ததும் மேல்பக்கத்தை மட்டும் பூசிவிட்டு விடுவது வழக்கம். அந்தச் சூட்டில் அடிப்பக்கப் பெயின்டும் கருகியிருக்கும், அடுத்த துரு அங்கேதான் முளைக்கும். இரண்டு பக்கமும் ஜிங்க் பிரைமர், இணைப்பில் பி.யு. சீலன்ட், பெயின்ட். பட்டிச் செலவு மிச்சம் என்று அண்ணன் சிரித்தார்.

தூண்கள், கதவின் அடி, பக்கப் பட்டையின் உள்வெற்றிடம் இவற்றுக்குப் பிரஷ் எட்டாது. நீளக் குழாய் வைத்த கேவிட்டி வேக்ஸ் ஸ்ப்ரே வாங்கி, ஏற்கெனவே இருக்கும் துளைகள் வழியாக உள்ளே விட்டு, அடித்துக்கொண்டே வெளியே இழுத்தோம். அது இடுக்கில் ஊறிப் படரும், கெட்டியாகாமல் மெழுகாகவே நிற்கும். அடித்து முடித்ததும் வடிகால் ஓட்டைகளை மறுபடி கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பக்கம் அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், மழையில் கழுவிப் போய் மண்ணைக் கெடுக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

மழை இல்லாமலே ஒழுகும் ராத்திரி

எல்லாம் முடித்து வால்பாறை போனபோது, விடிகாலையில் கூரையிலிருந்து போர்வை மேல் சொட்டியது. வெளியே மழை இல்லை. இரண்டு பேர் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ராத்திரிக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் சேரும். குளிர்ந்த வெறும் தகட்டில் அது முத்து முத்தாகக் கட்டும். உள்ளே கேஸ் அடுப்பு எரித்தால் இன்னும் மோசம், ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகும். மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிப்பது கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் உயிருக்கே ஆபத்து, அது வேறு. நாங்கள் இப்போது பின்கதவைத் தூக்கி வைத்து வெளியேதான் சமைக்கிறோம்.

கூரைத் துணியைத் திரும்ப மாட்டும் முன் நைட்ரைல் ரப்பர் ஷீட்டைத் தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டினோம். மூடிய கண்ணறை உள்ள ஃபோம் என்பதால் தண்ணீர் குடிக்காது. கிளாஸ் வூல், பழைய துணி, பஞ்சு இதெல்லாம் ஈரத்தைப் பிடித்துத் தகட்டோடு வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் கூரை 60 டிகிரியைத் தாண்டும், அதனால் சூடு தாங்கும் ரப்பர் பசைதான் சரி. பக்கச் சுவர்களில் அடியில் நாலு விரல் உயரத்துக்கு ஒட்டாமல் விட்டோம், வழிந்து வருவது தேங்காமல் ஓட்டைக்குப் போக. இரண்டு முன்கதவுகளுக்கும் வைசர் மாட்டியிருக்கிறது, மழையிலும் கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவைத்துத் தூங்கலாம். ஒரு பக்கம் மட்டும் இறக்கினால் காற்று ஓடாது, இரண்டும் வேண்டும்.

தரையில் கார்ப்பெட் இனி இல்லை. ரப்பர் மேட் மட்டும், ஒட்டாமல். பயணம் முடிந்து வந்ததும் தூக்கிக் கொடியில் போட்டுவிடுவோம். படுக்கைக்குப் பழைய துளைகளை வெல்டிங்கில் அடைத்துவிட்டு, சீட் பெல்ட் பிடிக்கும் கம்பெனி துளைகளையே பயன்படுத்திக்கொண்டோம். பலகை, தண்ணீர் தாங்கும் தரத்துக்கான 710 முத்திரை போட்ட பிளைவுட், வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ். வண்டியை மூடித் தார்ப்பாய் போடுவதையும் நிறுத்திவிட்டோம், உள்ளே புழுங்குகிறது. கூரைக்கு மேல் ஷீட் போட்ட நிழல் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் திறந்தவெளியே மேல்.

இன்னும் பாக்கி இருப்பது பின்கதவின் கீல் ஓரம். ஹோஸ் அடித்தபோது அங்கே மாவு கரையவில்லை, ஆனால் பெயின்டுக்கு அடியில் ஒரு கொப்புளம் தெரிகிறது. தையில் அண்ணன் நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் நல்ல பின்கதவு ஒன்று கிடைத்தால், துருவைச் சுரண்டுவதற்குப் பதில் கதவையே மாற்றிவிடலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.